மஹ்மூதா மதினியின் இரும்புக் குளிசை

என் அண்ணன், நாங்கள் நானா என்போம், அவருடைய பெண்சாதி மஹ்மூதாவிடம் "உங்களால ஏலாது" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், அதைச் செய்து முடிக்கும்வரை அந்த மனுசிக்குத் தொண்டைக்குள் சோறு இறங்காது. குறிஞ்சிப்பிட்டியில் அவருடைய தோட்டத்துக்குக் கிணறு வெட்ட வந்தவர்கள், இந்த மணல் நிற்காது என்று கையை விரித்துவிட்டுப் புறப்பட்டபோது, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தானே குழிக்குள் இறங்கினார். வெட்கப்பட்டு அவர்களும் திரும்பி வந்து வெட்டினார்கள். அந்தக் கிணறு இன்றைக்கும் நிற்கிறது. போன வருடம் மதினி நிற்பாரா விழுவாரா என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வியாகிப் போனது.

நான் ஹவ்வா, தையல்காரி. என் வீடும் மதினியின் வீடும் ஒரே வளவில். அவருடைய மகள் சிலாபத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள், மகன் கட்டாரில். அதனால் மதினி சண்டை பிடிக்க நினைத்தால் நான்தான் அகப்படுவேன். எனக்கும் அப்படித்தான்.

மதினி மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் வடக்கிலிருந்த எங்கள் முஸ்லிம் சனத்தைக் கிளப்பி அனுப்பியபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய சின்னப்பிள்ளை. ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தார். அவருடைய உம்மா ஊரார் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்று, கடைசியில் இந்த அரை ஏக்கர் மணலை மகள் பேருக்கு எழுதி வாங்கிய கையோடு கண்ணை மூடி மௌத்தானார். என்ன நோய் என்று கேட்டால் களைப்பு என்பார்கள். அப்போது அவருக்கு நாற்பத்து நாலு வயதுகூட முடியவில்லை. மதினிக்குப் போன வருடம் அதே வயது.

அந்தக் காணியில் மதினி வெங்காயமும் பீட்ரூட்டும் மாறி மாறிப் போடுவார். தண்ணீர் கட்டுவது, எருப் போடுவது, கூலிக்கு வரும் பெண்களை விரட்டுவது எல்லாம் அவர் கையால்தான். நானா ஹயாத்து முகம்மது ஐஸ் லொறி ஓட்டுகிறவர். தோட்டத்துக்குள் வந்தால் பாத்தியை மிதித்துவிடுவார் என்று மதினி அவரை வரம்பிலேயே நிற்கச் சொல்லிவிடுவார்.

நோன்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு காலையில் மதினி பைப்பைக் கையில் பிடித்தபடி பாத்திக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். முளைத்து நின்ற வெங்காயத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கோழி அந்தப் பாத்தியைக் கிளறினாலே ஊரைக் கூட்டுகிற மனுசி.

"மதினி, வெங்காயத்துக்கு மேல இரிக்கிறீங்க."

"தெரியும்" என்றார். "கால் சொல்லுக் கேக்குதில்ல."

கிட்டப் போய்ப் பார்த்தேன். உதடு வெளுத்து, உள்ளங்கை கழுவிய துணிபோல இருந்தது. சட்டைப் பையில் பச்சை அரிசி. கொஞ்சக் காலமாக அவர் எந்த நேரமும் எதையோ மென்றுகொண்டிருந்ததைக் கவனித்திருக்கிறேன். வெற்றிலை பழகிவிட்டார் என்றுதான் எண்ணினேன். பச்சை அரிசியைத் தின்ன அவருக்கு அப்படி ஒரு ஆசை வந்திருக்கிறது.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டொக்டர் சிங்களப் பெண். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார், ஆனால் பிழையில்லாமல் பேசுவார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது.

"இந்த இரத்தத்தோட நீங்க தோட்டத்தில வேலை செய்றீங்களா?"

"நேத்தும் செஞ்சேன்" என்றார் மதினி, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி.

"மாசத்தில வாற இரத்தம் கூடவா?"

"எல்லாருக்கும் போலத்தான்."

டொக்டர் இரும்புக் குளிசை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பத்துக்கு வராமல் பாரம் தூக்கவே கூடாது என்றும், நோன்புப் பெருநாள் முடிந்து மறுபடியும் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டில் இதைக் கேட்ட நானா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பயந்த மனுசன். பயம் வந்தால் உடனே ஒரு முடிவெடுத்துவிடுவார், அதுதான் அவரோடு உள்ள கரைச்சல்.

"பக்கத்துத் தோட்டத்து நெய்னார் நானா நம்ம காணியக் குத்தகைக்குக் கேட்டுக்கிட்டே இரிக்கார். மூணு வருசத்துக்கு, கிணறும் மோட்டரும் சேத்து. குடுத்திருவம். நீ வீட்டில இரி."

"காணி என்ட பேரில இரிக்கி."

"உசிரும் உன்ட பேரிலதான் இரிக்கி. அதப் பாத்தியா?"

எனக்குத் தெரிந்து நானா மதினியை வாயடைக்க வைத்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மதினி நிதானமாகக் கேட்டார்.

"டொக்டர் பத்து எண்டுதானே சொன்னா. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள நான் பத்துக்கு வந்தா?"

"வந்தா நீயே நடு. நான் வாய் திறக்கமாட்டேன். வராட்டி நெய்னார் நானாக்கு."

"சரி" என்றார் மதினி. நோன்புப் பெருநாளுக்கு இரண்டு மாதம் பிந்தி ஹஜ்ஜுப் பெருநாள். அது கழிந்துதான் எங்கள் பக்கம் அடுத்த வெங்காய நடுகை. மூன்று வருடத்துக்கென்று கொடுத்த காணி எங்கள் ஊரில் மூன்று வருடத்தில் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. மதினிக்கும் அது தெரியும்.

செய்தி வெளியே போனதும் ஊரில் உள்ள எல்லாரும் டொக்டராகிவிட்டார்கள். உம்மு குல்தூம் மாமி வந்து, இரும்புக் குளிசை சூடு, உள்ளுக்குள்ளே கருக்கிவிடும், பீட்ரூட் இருக்க அது எதற்கு என்றார். பீட்ரூட் சிவப்பு, இரத்தமும் சிவப்பு, அவ்வளவுதான் மாமியின் வைத்தியம். மதினியின் தோட்டத்தில் பீட்ரூட்டுக்கா பஞ்சம்? இடித்துப் பிழிந்து குவளை குவளையாகக் குடித்தார். ஒரு நாள் கழிவறையிலிருந்து வெளிறிப்போய் ஓடி வந்து, "ஹவ்வா, இருந்த இரத்தமும் போகுது" என்றார். நான் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். குடித்த பீட்ரூட் சாறுதான் அதே நிறத்தில் போயிருந்தது.

குளிசையோ அவரைப் படாத பாடு படுத்தியது. விழுங்கினால் வயிறு பிரட்டும், வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய ருசி, மலம் கறுப்பாகப் போகும். கறுப்பைக் கண்டதும் மாமி சொன்னது சரிதான், உள்ளே கருகுகிறது என்று பயந்து நிறுத்திவிட்டார். அலுமாரிக்குள் குளிசை அப்படியே கிடந்தது. நான் சத்தம் போட்டேன். பிறகு ஒரு நாள் நெய்னார் நானா வேலியோரம் வந்து நின்று, மோட்டர் எத்தனை குதிரைவலு என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார். நல்ல மனுசன், அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் போனதும் மதினி நேரே உள்ளே போய் அலுமாரியைத் திறந்து குளிசையை எடுத்து விழுங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நோன்பு தொடங்கியது. பகலில் விழுங்க முடியாது, ஆகவே ஒன்றை விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு வைத்தார், மற்றதை நோன்பு திறக்கும் நேரத்துக்கு. சஹர்ச் சோறு முடிய, பிளேன்டி, பாலில்லாமல் சாயம் ஏறக் காய்ச்சிய தேநீர், ஒரு கோப்பை எங்களுக்கு வேண்டும், பகல் முழுக்கத் தலைவலிக்காமல் இருக்க. அந்தப் பிளேன்டியோடு ஒரு குளிசை. பின்னேரம் பேரீச்சம்பழம், கஞ்சி, திரும்பவும் பிளேன்டி, அதோடு மற்றக் குளிசை. நோன்பில்லாத நாட்களிலும் இதே ஒழுங்குதான். கற்பிட்டியில் பிளேன்டி இல்லாமல் யார் மருந்து குடிக்கிறார்கள்? வயிறு பிரட்டினாலும், கஞ்சி வாய்க்கு வந்தாலும், ஒரு குளிசை தவறவில்லை.

பெருநாள் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். மதினி புது அபாயா போட்டுக்கொண்டு வந்தார். பத்து இல்லாவிட்டாலும் ஒன்பது நிச்சயம் என்று ஓட்டோவில் கணக்குப் போட்டார். ரிப்போட் வந்தது. ஏழும் கொஞ்சமும்.

அங்கே நின்ற நர்ஸ் மிஸ்ஸி சிரித்துக்கொண்டே, "என்னம்மா, குளிசையக் கோழிக்குப் போட்டீங்களா?" என்று கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். அன்றைக்கு டொக்டரும் இல்லை. மதினி ரிப்போட்டை மடித்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டார். பொய் சொன்னால் தன் பிள்ளையாக இருந்தாலும் கன்னத்தில் போடுகிற மனுசி அவர்.

"இனிப் போடமாட்டேன்" என்றார் ஓட்டோவில் வைத்து. "விழுங்கியும் பொய்க்காரி, விழுங்காட்டியும் பொய்க்காரி. விழுங்காம இரிந்தா வயித்துப் பிரட்டலாவது இல்லாமப் போகும்."

"அப்ப தோட்டம்?"

"நான் நட்டுக் காட்டுறேன். இரத்தம் இல்லாட்டி என்ன, கை இரிக்கி."

அவர் சொன்னால் செய்வார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவருடைய உம்மாவும் கடைசி நாள்வரை பாத்தியில்தான் நின்றாராம். நானாவிடம் சொன்னால் அன்றைக்கே காணியைக் கொடுத்துவிடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

இங்கே எங்கள் பெண்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் நோன்பு பிடிக்கக் கூடாது. அதைப் பெயர் சொல்லி நாங்கள் சொல்வதில்லை. "தொழுகை இல்ல" என்போம், விளங்கிவிடும். எத்தனை நாள், எப்படி என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்பதும் இல்லை. அப்படி விடுபட்ட நோன்புகளைப் பெருநாளுக்குப் பிறகு பிடித்துத் தீர்க்க வேண்டும். அதுதான் கழா. நோன்பு மாதத்தில் ஊரே சேர்ந்து எழும்பும், சேர்ந்து பசித்திருக்கும். கழாவுக்கு நீ தனி. தனியாக எழும்பிச் சோறு தின்ன ஒரு துணை இருந்தால் நல்லது. நானும் மதினியும் இத்தனை வருடமும் துணை சேர்ந்துதான் கழா பிடிப்போம். எனக்கு ஒரு கிழமையில் முடிந்துவிடும். முடிந்தது என்று சொல்வேன், அவரும் தலையை ஆட்டுவார்.

அதற்குப் பிறகும் மதினி இடைக்கிடை நோன்பிருப்பார். திங்களும் வியாழனும் விரும்பினால் பிடிக்கிற சுன்னத்து நோன்பு என்பார். எனக்கு அந்தப் பக்தி இல்லையே என்று பொறாமையாகக்கூட இருக்கும்.

அன்றைக்கு நடுப்பகல். மதினி தோட்டத்தில் ஆட்டெருவைக் கூடையில் அள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தார். நாலு எட்டு வைப்பார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், திரும்ப நாலு எட்டு. நான் சுடுதண்ணிப் போத்தலில் பிளேன்டியும் இரண்டு பணிசும் கொண்டு போனேன். கோப்பையில் ஊற்றி நீட்டினேன்.

"வேணாம். நோன்பு."

"இண்டைக்கு என்ன நோன்பு?"

"சுன்னத்து."

"மதினி, இண்டைக்குச் செவ்வாய்க்கிழம."

அவர் கூடையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தார்.

"சுன்னத்து இல்ல, கழா" என்றார். "இன்னும் முடியல்ல."

"எனக்கு முடிஞ்சு எத்தின நாளாச்சு. உங்களுக்கு எத்தின விட்டது?"

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. முக்காட்டின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நோன்பில பாதி" என்றார் கடைசியில்.

"பாதியா? அவ்வளவு நாளா தொழுகை இல்லாம இரிந்தீங்க?"

"ஏன், உனக்கு?"

"எனக்கு ஆறு நாள். கூடினா ஏழு."

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஒவ்வொரு மாசமும் இப்படியா?" என்று கேட்டேன்.

"ஓம். சில மாசம் கூட. துணியெல்லாம் நனைஞ்சு போகும். எல்லாருக்கும் அப்படித்தானே?" என்றார். பிறகு மெதுவாக, "உம்மாவுக்கும் அப்படித்தான். உம்மாவுக்கும் கழா ஹஜ்ஜு மாசம் வரைக்கும் இழுபடும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. யார்மேல் என்று இன்றைக்கும் தெரியாது. பொங்கிப் பொங்கி அழுகை வந்தது. அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். டொக்டர் கேட்டபோது எல்லாருக்கும் போலத்தான் என்றீர்களே, எல்லாரையும் போய்ப் பார்த்தீர்களா என்று கத்தினேன். கிணற்றடியில் ஓட்டை வாளி ஒன்று கிடந்தது. அதைக் காலால் தட்டி, "இதுக்குள்ள தண்ணி ஊத்திற வேலயத்தான் நோன்பு முழுக்கச் செஞ்சிரிக்கிறீங்க" என்றேன்.

மதினி அழவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உம்மா களைப்பில மௌத்தாகல்ல" என்றார்.

அடுத்த நாளே டொக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மதினி வாய் திறக்கும் முன் நானே சொல்லத் தொடங்கினேன். மதினி என் தொடையில் தட்டி நிறுத்தினார். "நான் சொல்றேன்" என்றார். நாட்களைச் சொன்னார், துணியைச் சொன்னார், உம்மாவைச் சொன்னார். முகம் கல்லாக இருந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பையில் ஒரு கட்டி. ஒரு ஆரஞ்சு, எங்கள் தோடம்பழம் அளவு. புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, ஆனால் இரத்தம் போவது அதனால்தான் என்றார் டொக்டர். இரத்தப்போக்கைக் குறைக்க ஒரு குளிசை, இரத்தம் ஊற இரும்புக் குளிசை, பத்துக்கு வந்ததும் புத்தளத்தில் ஒப்பரேசன்.

"இரும்புக் குளிசை நான் போட்டேன்" என்றார் மதினி. "அல்லாஹ் அறிய நோன்பு முழுக்க ஒண்டும் விடல்ல. நீங்களும் நம்பாட்டி இப்பவே சொல்லிருங்க, நான் எழும்பிப் போறேன்."

"நம்புறேன். எதோட போட்டீங்க?"

"பிளேன்டியோட."

டொக்டர் நெற்றியில் கை வைத்தார். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். குளிசைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் பிளேன்டி கூடாது, பாலும் கூடாது. தேசிக்காய், எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு விழுங்க வேண்டும். இரண்டு வேண்டாம், காலையில் ஒன்று போதும், வயிறு பிரட்டினால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு விழுங்கலாம். கறுப்பாகப் போவது இரும்பின் நிறம், கருகியது அல்ல.

"கடைசியா ஒண்டு" என்றார் டொக்டர். "பத்துக்கு வரும்வரைக்கும் நோன்பு பிடிக்கக் கூடாது."

மதினி நிமிர்ந்தார். "எனக்குக் கடன் இரிக்கி, டொக்டர்."

டொக்டருக்கு அது விளங்கியதோ இல்லையோ தெரியாது. "நீங்கதான் முடிவெடுக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு மதினி பஸ் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்தார். ஒரு பஸ் போனது, இன்னொன்றும் போனது. அவருக்கு எதையும் சொல்லி மண்டையில் ஏற்ற முடியாது, தானாக ஏற வேண்டும். அவர் அல்லாஹ்வின் கடனை ஒரு நாள் தள்ளிப்போட்டு நான் கண்டதில்லை. அந்தக் கடனும் டொக்டரின் மருந்தும் ஒரே உடம்பைத்தான் கேட்டன, டொக்டரும் முடிவை மதினியின் தலையில் போட்டுவிட்டார்.

"நோயாளிக்குத் தவணை இரிக்கி" என்றார் கடைசியில். "அல்லாஹ் தந்த தவணை. உம்மா அத வாங்கத் தெரியாமப் போய்ட்டா. நான் வாங்கப் போறேன்." எழும்பி அபாயாவைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தேசிக்காய் வாங்கணும், வா."

அன்றிலிருந்து அவருடைய நாளே மாறிப் போனது. விடிகாலைச் சுபஹு தொழுத கையோடு ஒரு துண்டு பாண், தேசிக்காய்த் தண்ணீர், குளிசை. பிறகு இரண்டு மணித்தியாலம் பிளேன்டிக்காக வீட்டைச் சுற்றி நடப்பார். தலைவலிக்கும். நான் என் வீட்டில் தேயிலை போட்டால் வாசனைக்கு வாசலில் வந்து நின்று ஏசுவார். வயிறு பிரட்டாமல் இல்லை. ஒரு காலை வேலியைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்துக்கொண்டிருந்தபோது, "இண்டைக்கு ஒரு நாள் விட்டா என்ன மதினி?" என்று கேட்டுவிட்டேன்.

"நெய்னார் நானா மோட்டருக்கு என்ன எண்ணெய் ஊத்திறது எண்டு நேத்துக் கேட்டார்" என்றார் வாயைத் துடைத்தபடி. "விடமாட்டேன்."

முருங்கையிலை, ஈரல், மாசி எல்லாம் தின்றார். பீட்ரூட்டை விற்கத்தான் வைத்துக்கொண்டார். இரத்தப்போக்கு முதல் மாதத்திலேயே பாதியாகக் குறைந்தது. சட்டைப் பையில் பச்சை அரிசி இல்லாமல் போனதை நான்தான் முதலில் கண்டேன். அவருக்கே அது மறந்துவிட்டிருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை கடைசிப் பரிசோதனை. நானாவும் வந்தார், கூட்டுத் தொழுகைக்குப் போவதுபோல வெள்ளைச் சாரத்தோடு. ரிப்போட்டை மதினி வாங்கவில்லை, நானாவின் கையில் கொடுக்கச் சொன்னார். நானா எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, திரும்ப எட்டப் பிடித்து வாசித்தார்.

"பத்து" என்றார். "பத்துக்கு மேல ஒரு புள்ளியும் கிடக்கு."

அங்கேயே தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனை எடுத்து நெய்னார் நானாவுக்கு அடித்து, இழுத்து இழுத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். மதினி போனைப் பறித்தார். "நெய்னார் நானா, வேற காணி பாருங்க. உங்களுக்கு வெங்காய நாத்து வேணும் எண்டா நானே தாறேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒப்பரேசனில் கட்டியோடு கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது நல்லது என்று சொன்னார்கள். மதினி ஒரு கேள்விதான் கேட்டார், திரும்ப எப்போது மண்வெட்டி பிடிக்கலாம் என்று. மூன்று மாதம் என்றார்கள். ஒப்பரேசன் நல்லபடி முடிந்து வந்து, அந்தப் போகத்து நடுகையை என் தலையில் கட்டினார். வேம்புக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, வயிற்றில் ஒரு தலையணையை அணைத்தபடி, காலையிலிருந்து பின்னேரம் வரை என்னை ஏசினார். "சட்டைக்கு ஓரம் தைக்கிற மாதிரி நடாத ஹவ்வா, ஆழமா ஊண்டு." கூலிக்கு வந்த பெண்கள் சிரித்துச் சிரித்தே அரைநாளைப் போக்கினார்கள். என் கையால் நட்ட வெங்காயம் அவர் நட்டதைவிட நன்றாக விளைந்தது. இதை அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

உடம்பு தேறி இரத்தம் பன்னிரண்டுக்கு வந்ததும் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, தள்ளிப்போட்ட கழாவை ஒவ்வொன்றாகப் பிடித்து முடித்தார். மறுபடியும் நோன்பு மாதம் வந்தது, போனது. இந்த வருட நடுகையும் வந்தது. இந்தத் தடவை பாத்திக்குள் குனிந்து நின்றவர் மதினி. எல்லாருக்கும் முன்னால் போய்விட்டுத் திரும்பி நின்று, ஆமைகள் என்று எங்களைத் திட்டினார்.

நடுப்பகலில் கூலிக்கு வந்த பெண் ஒருத்தி பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் வேண்டாம் என்றேன், எனக்குக் கழா. பெருநாளுக்குப் பிறகு தையல் வேலை குவிந்ததால் இந்த முறை பிந்திவிட்டது. விடியுமுன் எழும்பி, குசினியில் சோறு சூடாக்கித் தனியாகத்தான் சாப்பிட்டேன். மதினியைக் கூப்பிட மனம் வரவில்லை. அவள் கோப்பையை மதினியிடம் நீட்டினாள். மதினியும் கையால் தள்ளினார்.

"குடிங்க மதினி" என்றேன். "குளிசைதான் இப்ப இல்லையே."

"நோன்பு."

"இண்டைக்குத் திங்களும் இல்ல, வியாழனும் இல்ல."

"தெரியும்."

"பின்ன என்ன நோன்பு? உங்களுக்குக் கழா எத்தின?"

மதினி நிமிர்ந்தார். மண் அப்பிய கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது, வெயிலில் சிவந்த நல்ல இரத்தச் சிவப்பு.

"ஒண்டும் இல்ல" என்றார். "முப்பதும் பிடிச்சேன், ஹவ்வா. வயசுக்கு வந்த நாளில இரிந்து இந்த வருசம்தான் முப்பதும் பிடிச்சிரிக்கேன். உம்மாக்கு அது கடைசி வரைக்கும் கிடைக்கல்ல."

"அப்ப இண்டைக்கு ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"உன்ட குசினில விடியமுன்ன லைற் எரிஞ்சது. பாத்தேன்" என்றார். "உனக்குத் துணை வேணாமா?"

சொல்லிவிட்டுக் குனிந்து, அடுத்த நாற்றை எடுத்து ஊன்றினார்.